டேப்பில் இடமில்லை: எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

டேப்லெட்டில் இடம் போதவில்லை என்று இந்த மாதம் வந்த கடிதங்கள் மட்டும் தனிக்கட்டாகச் சேர்ந்துவிட்டன. எல்லோரும் கேட்பது 'எப்படி அழிப்பது' என்றுதான். அழிப்பது ஒரு நிமிட வேலை. அழித்தது வேண்டும் என்றால் திரும்பி வருமா வராதா என்பதை முன்னாலேயே தெரிந்துகொள்வதுதான் முக்கியம், அதைத்தான் இந்த இதழ் முழுக்கச் சொல்லப்போகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஆறாக்கியிருக்கிறேன்.

மூத்தவன் ஆன்லைன் வகுப்புக்காக 2020இல் வாங்கிய 32 ஜிபி டேப். இப்போது சின்னவள் வைத்துப் படிக்கிறாள். ஏழெட்டு செயலிதான், படமும் அதிகம் இல்லை, ஆனாலும் தினமும் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வருகிறது. 32 ஜிபி எங்கேதான் போகிறது? எவ்வளவு காலி வைத்திருக்க வேண்டும்?
வாசகி, கும்பகோணம்

உங்கள் கைக்கு 32 ஜிபி வந்ததே இல்லை அம்மா. பெட்டியில் போடுகிற 32 ஜிபி என்பது 3,200 கோடி பைட். அதையே 1,024, 1,024ஆக வகுத்துப் பார்க்கும் கணக்கில் 29.8தான் வரும். அதில் ஆண்ட்ராய்டும், கம்பெனி கூடவே வைத்து அனுப்பிய செயலிகளும் பல டேப்களில் பத்து ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. ஆக நீங்கள் புழங்குவதற்கு முதல் நாளிலிருந்தே பதினேழு பதினெட்டு ஜிபிதான் இருந்திருக்கும், அதையும் ஐந்து வருட அப்டேட்டுகள் குறைத்திருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு செயலியும் வருடத்துக்கு வருடம் பெரிதாகிறது.

செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' போய், செயலிகளை அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். மேலே வரும் மூன்று நான்கு பெயர்கள்தான் பெரும்பாலும் முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருக்கும். ஒரு பெயரைத் தொட்டால் உள்ளே இரண்டு பொத்தான் இருக்கும், அந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. 'கிளியர் கேஷ்' என்பது செயலி வேகத்துக்காக எடுத்துவைத்த தற்காலிகச் சரக்கு, அழித்தால் ஒன்றும் போகாது, தேவைப்படும்போது அதுவே திரும்ப இறக்கிக்கொள்ளும். அதனாலேயே அது நிரந்தர வழியும் இல்லை, ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். 'கிளியர் டேட்டா' அல்லது புது மாடல்களில் 'கிளியர் ஸ்டோரேஜ்' என்பது வேறு விஷயம். அது செயலியை நிறுவிய முதல் நாளுக்கே கொண்டுபோய் விட்டுவிடும். உங்கள் பெண் ஏதாவது படம் வரைகிற செயலி வைத்திருந்து, வரைந்ததையெல்லாம் அதற்குள்ளேயே விட்டிருந்தால், அந்த ஒரு தொடுதலில் மொத்தப் படமும் போய்விடும். யாரும் மீட்டுத்தர முடியாது. அதனால் அவளைக் கேட்காமல் இந்த இரண்டாவது பொத்தான் பக்கம் போகவே வேண்டாம்.

வகுப்புக்காக வாங்கியது என்பதால் இன்னொன்று. பள்ளிப் புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து திக்‌ஷா செயலியில் இறக்கிய பாடங்கள், மூத்தவன் படித்த வகுப்புகளுடையது, இன்னும் அங்கேயே கிடக்கலாம். செயலிக்குள் 'டவுன்லோட்ஸ்' பகுதியில் போய்ப் பார்த்து நீக்குங்கள். வேண்டும்போது திரும்ப இறக்கலாம். எப்போதாவது மட்டும் பயன்படுத்தும் செயலிகளுக்கு, பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் 'ஆட்டோமேட்டிக்கலி ஆர்க்கைவ் ஆப்ஸ்' என்ற வசதி 2023இல் வந்தது. இடம் குறையும்போது செயலியின் உடம்பை மட்டும் எடுத்துவிட்டு உங்கள் தகவலையும் ஐகானையும் அப்படியே வைத்திருக்கும், ஐகானைத் தொட்டால் திரும்ப இறங்கும்.

எவ்வளவு காலி வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்று ஜிபியாவது எப்போதும் சும்மா கிடக்கட்டும். டேப்பின் உள்ளே இருப்பது ஃபிளாஷ் நினைவகம். அதில் எழுதுவது சின்னச் சின்னப் பக்கமாக நடக்கும், ஆனால் அழிப்பது பல பக்கம் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியாகத்தான் நடக்கும். தொகுதியில் பாதி வேண்டியது, பாதி வேண்டாதது என்றால், வேண்டியதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் அதைத் துடைக்க முடியும். பரணை ஒழுங்கு செய்யக் கீழே தரையில் கொஞ்சம் காலியிடம் வேண்டும் இல்லையா, அதே கதைதான். தரையும் நிரம்பிவிட்டால் ஒரு பொருளை நகர்த்தவே நேரம் ஆகும். நிரம்பிய டேப் திணறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். புது டேப் வாங்கலாமா என்று யோசிக்கும் முன் இந்த மூன்று ஜிபியைக் காலி செய்து ஒரு வாரம் பாருங்கள்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். டெலிகிராம் சேனல்களிலிருந்து எடுத்த பிடிஎஃப் மட்டுமே 14 ஜிபி. எதையும் அழிக்க மனம் வரவில்லை, ஆனால் டேப் நகரவே மாட்டேன் என்கிறது.
வாசகர், மதுரை

தம்பி, உங்களுக்கு நல்ல செய்தி. டெலிகிராமில் வரும் கோப்பு அதன் சர்வரிலேயே இருக்கும், உங்கள் டேப்பில் இருப்பது ஒரு நகல். டெலிகிராம் செட்டிங்ஸில் 'டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்', அதற்குள் 'ஸ்டோரேஜ் யூசேஜ்' போனால் எந்தச் சேனல் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டும். அங்கே கேஷை அழித்தாலும் மெசேஜ் அப்படியே இருக்கும், தொட்டால் மறுபடி இறங்கும். மீடியாவை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் அங்கேயே சொல்லிவிடலாம், சேனல்களுக்கு ஒரு வாரம் என்று வையுங்கள்.

ஆனால் சேனலே ஒரு நாள் காணாமல் போகலாம், அட்மின் கோப்பை நீக்கலாம். தேர்வு வரைக்கும் கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிற இருபது முப்பது கோப்பை மட்டும் ஒரு பென்டிரைவில் தனியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஓடிஜி வகைப் பென்டிரைவ் என்றால் டேப்பிலேயே நேராகச் செருகலாம், கம்ப்யூட்டர் தேவையில்லை.

அப்புறம், 14 ஜிபியில் எவ்வளவு இரட்டைப் பிரதி என்று பார்த்தீர்களா? ஒரே வினாத்தாள் தொகுப்பு மூன்று சேனலில் மூன்று பெயரில் வந்திருக்கும், அதை 'சேவ் டு டவுன்லோட்ஸ்' வேறு கொடுத்திருப்பீர்கள், ஆக டெலிகிராமுக்குள் ஒன்று, டவுன்லோட்ஸில் ஒன்று. கூகுளின் 'ஃபைல்ஸ்' செயலி ஒரே மாதிரிக் கோப்புகளைக் கண்டுபிடித்துக் காட்டும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும், தமிழில் படிக்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். ஒருவர் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப் என்பது படங்களின் கட்டு. பக்கத்துக்கு 150 கேபி என்று வைத்தாலே 300 பக்கம் 45 எம்பி. அதே புத்தகம் யூனிகோடில் தட்டச்சு செய்ததாக இருந்தால், ஒரு பக்கத்துக்கு 1,500 குறியீடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்று போட்டாலும் மொத்தமே ஒன்றரை எம்பிக்குள் வரும். முப்பதில் ஒரு பங்கு! தேடவும் முடியும், எழுத்தைப் பெரிதாக்கிக் கண் வலிக்காமல் படிக்கவும் முடியும். மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம் 1998இலிருந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்துதான் இலவசமாகக் கொடுத்துவருகிறது, தமிழ்ப் பாடப்பகுதிக்கு மூல நூல் வேண்டும் என்றால் ஸ்கேனைத் தேடாமல் முதலில் அங்கே பாருங்கள்.

மெமரி கார்டு போட்டால் பிரச்சினை தீருமா? திருவிழாக் கடையில் 512 ஜிபி கார்டு 350 ரூபாய் என்றான், வாங்கிவிட்டேன். படங்களை மாற்றினேன், பாதி திறக்க மாட்டேன் என்கிறது.
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

ஐயா, இப்போதே அந்தக் கார்டில் எழுதுவதை நிறுத்துங்கள். திறக்கிற படங்களை உடனே வேறிடத்துக்கு எடுங்கள். அது போலி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உள்ளே 16 அல்லது 32 ஜிபி சிப்பு வைத்து, '512' என்று பொய் சொல்லும்படி அதன் கன்ட்ரோலரை மாற்றியிருப்பார்கள். டேப் அதை நம்பி எழுதிக்கொண்டே போகும், உண்மையான இடம் முடிந்ததும் புதிதாக எழுதுவது பழையதன் மேல் விழும் அல்லது எங்கேயும் விழாது. பெயர் தெரியும், கோப்பு திறக்காது. கார்டை வாங்கியதும் கம்ப்யூட்டரில் போட்டு, முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பதுதான் ஒரே சோதனை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள்கள் அதைத்தான் செய்கின்றன. ஒரு இரவு ஓடவிடுங்கள். டேப்பில் இருக்கும் மூலப்படங்களை, சோதனை முடிகிறவரை அழிக்காதீர்கள்.

'மாற்றினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தச் சொல்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. 'மூவ்' கொடுத்தால் மூலம் போய்விடும். எப்போதும் 'காப்பி' கொடுங்கள், கார்டில் நாலைந்து படத்தைத் திறந்து பாருங்கள், அப்புறம் மூலத்தை அழியுங்கள்.

நல்ல கார்டாக வாங்கினால் உபயோகம் நிச்சயம் உண்டு, படம், பாட்டு, வீடியோ, பிடிஎஃப் எல்லாம் அதில் வைக்கலாம். உங்கள் டேப் எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், 128 உங்களுக்குத் தாராளம். செயலிகளை மட்டும் கார்டுக்கு மாற்ற முடியும் என்று நம்பி வாங்காதீர்கள். ஆண்ட்ராய்டு 6லிருந்து கார்டை உள் நினைவகமாகவே சேர்த்துக்கொள்ளும் வழி உண்டு, ஆனால் பல கம்பெனிகள் அதைத் தருவதில்லை. தந்தாலும் அப்படிச் சேர்த்த கார்டு அந்த டேப்பில் மட்டும்தான் படிக்கும், டேப் கெட்டால் கார்டில் இருப்பதும் போச்சு. அப்படியும் செய்வதானால் கார்டின் மேல் ஏ1 அல்லது ஏ2 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். செயலிகளுக்கு வேண்டியது சிறுசிறு துண்டுகளை வேகமாகப் படிக்கும் திறன். ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1,500 முறை படிக்கும், 500 முறை எழுதும். ஏ2 என்றால் 4,000மும் 2,000மும்.

பேரனுக்காக யூடியூப்பில் டவுன்லோடு செய்த கதைகள் கேலரியில் தெரியவில்லை, ஆனால் இடம் மட்டும் போகிறது.
வாசகி, நாகர்கோவில்

அவை யூடியூப் செயலிக்குள் மட்டுமே திறக்கும்படி வைக்கப்பட்டிருப்பவை, வெளியே தெரியாது. செயலிக்குள் 'டவுன்லோட்ஸ்' போய் நீக்குங்கள், இவை எல்லாம் திரும்பி வரும் ரகம், கவலையே வேண்டாம். செட்டிங்ஸில் 'ஸ்மார்ட் டவுன்லோட்ஸ்' என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள், அதுவாகவே எதையாவது இறக்கிவைக்கும். இனி இறக்கும்போது தரத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள். குழந்தைக் கதைக்கு 360 போதும்.

மகள் சிகாகோவிலிருந்து அனுப்பிய 64 ஜிபி ஐபாட். இடம் இல்லை என்று 600 படங்களை அழித்தேன். இரண்டு நாள் கழித்து மகள் பதறிப்போய்ப் பேசுகிறாள், அவள் போனிலும் அந்தப் படங்கள் இல்லையாம்!
வாசகர், சென்னை

இதைப் படித்ததும் முதல் வேலையாக ஃபோட்டோஸ் செயலியில் 'ரீசன்ட்லி டெலிட்டட்' ஆல்பத்தைத் திறந்து எல்லாவற்றையும் 'ரெகவர்' கொடுங்கள். 30 நாள் வரை அங்கே இருக்கும். மீட்டதும் மகள் போனிலும் தானாகத் திரும்பிவிடும்.

நடந்தது இதுதான். மகள் தன் ஆப்பிள் கணக்கிலேயே உங்களுக்கும் ஐபாடைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஐகிளவுட் ஃபோட்டோஸ் என்பது பத்திரப் பெட்டி இல்லை, ஒரே ஆல்பத்தை இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் காட்டுகிற ஏற்பாடு. ஒரு வீட்டில் கிழித்தால் இன்னொரு வீட்டிலும் கிழிந்துதான் போகும். 'கிளவுடில் இருக்கிறது, தைரியமாக அழிக்கலாம்' என்ற நம்பிக்கை எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் இழப்பில் முடிகிறது. உங்களுக்கென்று தனிக் கணக்குத் தொடங்குங்கள், 5 ஜிபி இலவசம், மகளோடு பகிர வேண்டிய படங்களை ஷேர்டு ஆல்பமாக வைத்துக்கொள்ளலாம்.

இடம் மிச்சம் பிடிக்க அழிக்கவே வேண்டாம். செட்டிங்ஸில் ஃபோட்டோஸ் பகுதியில் 'ஆப்டிமைஸ் ஐபாட் ஸ்டோரேஜ்' கொடுத்தால் மூலப்படம் ஐகிளவுடில் இருக்கும், ஐபாடில் சின்ன நகல் மட்டும் இருக்கும். அதற்கு ஐகிளவுடில் இடம் வேண்டும், 5 ஜிபி தாண்டினால் மாதக் கட்டணம். கட்டணம் வேண்டாம் என்றால் படங்களை ஒரு ஹார்டு டிஸ்கிலோ பென்டிரைவிலோ காப்பி எடுத்துவிடுங்கள், 2019இல் வந்த ஐபாட்ஓஎஸ் 13லிருந்து ஃபைல்ஸ் செயலி வழியாக அது முடிகிறது. பயன்படுத்தாத செயலிகளுக்கு 'ஆஃப்லோடு ஆப்' கொடுங்கள், செயலி போகும், உள்ளே இருந்த தகவல் இருக்கும். ஐபாடில் மெமரி கார்டு போடும் இடம் கிடையாது, அதைத் தேட வேண்டாம்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களும் கவனியுங்கள், கூகுள் ஃபோட்டோஸிலும் இதே ஆபத்து. படத்தைப் பிடித்து 'டெலிட்' கொடுத்தால் கூகுள் கணக்கிலிருந்தும் போகும். குப்பைக் கூடையில் பேக்கப் ஆன படம் 60 நாள், பேக்கப் ஆகாதது 30 நாள், அவ்வளவுதான். டேப்பில் மட்டும் காலி செய்ய வேண்டும் என்றால் அங்கே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியாக இருக்கிறது, பேக்கப் ஆனதை மட்டும் கருவியிலிருந்து எடுக்கும். பேக்கப் நின்றுபோயிருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஜூன் 1க்கு முன் ஏற்றிய குறைந்த தரப் படங்களுக்கு அளவே இல்லை, அதற்குப் பிறகு ஜிமெயில், டிரைவ், படம் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். பலருக்கு அது எப்போதோ நிரம்பிவிட்டது, புதுப் படங்கள் ஏறாமல் நிற்கின்றன.

இதே வரிசையில் நாலு பேர் கேட்ட இன்னொன்றுக்கும் இங்கேயே பதில்: 'கிளீனர்', 'பூஸ்டர்' என்று விளம்பரத்தில் வரும் செயலிகளைப் போடாதீர்கள். மற்ற செயலிகளின் கேஷைத் துடைக்க ஆண்ட்ராய்டு இப்போது வெளிச் செயலிகளை விடுவதில்லை. அவை செய்வதாகச் சொல்லும் வேலையை நீங்களே செட்டிங்ஸில் செய்யலாம், அவை பிடிக்கும் இடமும் காட்டும் விளம்பரமும் மிச்சம்.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவருடைய டேப் சும்மா இருக்கிறது, நிரம்பி வழிகிறது. ரீசெட் செய்து என் பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் ஏதாவது பார்க்க வேண்டுமா?
வாசகி, திருநெல்வேலி

பார்க்க வேண்டும் அம்மா, நிறைய. கேட்டதற்கு நன்றி, பெரும்பாலானவர்கள் ரீசெட் செய்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள்.

என் அத்தை நலங்குப் பாட்டுகள் நன்றாகப் பாடுவார். கல்யாண வீட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை என்று, ஒவ்வொன்றாகப் பாடி எனக்கு வாய்ஸ் நோட்டாக அனுப்பினார், நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒரு நாள் இடம் இல்லை என்று வாட்ஸ்ஆப்பில் பழைய மீடியா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழித்தேன். அத்தையும் இப்போது இல்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த நாற்பது பாட்டும் சேர்ந்து ஒரு கல்யாண வீடியோ துண்டின் அளவுகூட வராது. குரல் பதிவு அவ்வளவு சின்னது. அதை அழித்து எனக்குக் கிடைத்த இடம் ஒன்றுமே இல்லை. டெலிகிராம் மாதிரி இல்லை வாட்ஸ்ஆப், நம் கருவிக்கு வந்து சேர்ந்த பிறகு அது சர்வரில் நிரந்தரமாக இருப்பதில்லை. அழித்தால், பேக்கப்பிலோ அனுப்பியவரிடமோ இருந்தால்தான் உண்டு.

அதனால் முதலில் வாய்ஸ் நோட்டுகள். அப்பா அனுப்பியவை, அவருக்கு வந்தவை இரண்டும் அந்த டேப்பில் இருக்கலாம். கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் இணையுங்கள், டேப் திரையில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று தேர்ந்தெடுங்கள். புது ஆண்ட்ராய்டுகளில் 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டர், அதற்குள் 'மீடியா', அதற்குள் வாட்ஸ்ஆப் பெயரில் ஒன்று, அதற்குள் 'வாட்ஸ்ஆப்', மறுபடி 'மீடியா', அங்கே 'வாட்ஸ்ஆப் வாய்ஸ் நோட்ஸ்'. ஆண்டும் வார எண்ணும் சேர்த்த பெயரில் வரிசையாகச் சின்ன ஃபோல்டர்கள் இருக்கும். மொத்தமாகக் காப்பி எடுங்கள், பிரித்துப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அவை ஓபஸ் வகைக் கோப்பு, விஎல்சி என்ற இலவச மென்பொருளில் ஓடும்.

பிறகு ரெக்கார்டர் செயலி, நோட்ஸ், டவுன்லோட்ஸ், கேமரா படங்கள், பக்கவாட்டில் மெமரி கார்டு இருந்தால் அது. கார்டை வெளியே எடுத்து வேறு கருவியில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சில டேப்களில் கார்டைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு, அப்படிப் பூட்டியிருந்தால் ரீசெட்டுக்குப் பிறகு எங்கேயும் திறக்காது. தொடர்பு எண்கள் கணக்கில் சேமிக்காமல் கருவியில் மட்டும் சேமித்தவையாக இருக்கலாம், அவற்றையும் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. அப்பாவின் கூகுள் கணக்கு இன்று திறந்திருப்பது அந்த டேப்பில் மட்டும்தான் என்றால், ரீசெட் செய்த நொடியில் அந்தக் கதவும் சாத்திவிடும். இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்கை கூகுள் நீக்கக்கூடும், அவர் படங்கள், மெயில் எல்லாம் அதோடு போகும். அதனால் டேப் கையில் இருக்கும்போதே 'கூகுள் டேக்அவுட்' பக்கம் போய் எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், அளவு பெரிதாக இருந்தால் ஓரிரு நாள் ஆகும். பாஸ்வேர்டு எங்காவது டைரியில் எழுதி வைத்திருக்கிறாரா தேடுங்கள்.

எல்லாம் எடுத்து, இரண்டு இடத்தில் வைத்து, திறந்து பார்த்த பிறகு, செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் போய் அவர் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள். நீக்காமல் செய்தால் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு டேப் நின்றுவிடக்கூடும். போன வருடம்தான் என்கிறீர்கள், இரண்டு வருடக் கணக்குக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆனாலும் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்காருங்கள், டேப்பின் பேட்டரியை முதல் நாள் இரவே முழுக்கச் சார்ஜ் போட்டு வையுங்கள்.